இதய நோயில் சின்ன ஆர்.என்.ஏ.க்களின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்த இருவருக்குப் போனதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிட்டன. ரத்தத்திலிருந்தும் திசுவிலிருந்தும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து அளப்பது என் அன்றாட வேலை. கேட்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருப்பார்கள், அல்லது அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை; உங்கள் மாத்திரையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர்.

ஆர்.என்.ஏ. தெரியும். அதென்ன "சின்ன" ஆர்.என்.ஏ.?

டி.என்.ஏ.வை வீட்டு மூலப் பத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அது செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. ஒரு புரதம் வேண்டுமென்றால் அதற்குரிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து செல் வெளியே அனுப்பும். அந்த நகலுக்குப் பெயர் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது.

மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதிப் பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. உருவாகிறது, ஆனால் அதிலிருந்து புரதம் வராது. பல வருடங்கள் அதைக் குப்பை என்றே பலர் நினைத்தார்கள். அதில் வெறும் 20 முதல் 25 எழுத்து (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு வேதிக் கண்ணியும் ஓர் எழுத்து) நீளமே உள்ள துண்டுகளைத்தான் சின்ன ஆர்.என்.ஏ. என்கிறோம். தூது ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இது ஒரு சொல் அளவுதான்.

இந்தப் பக்கத்தில் இரண்டு வகை வரும். உடம்பு தானே தயாரித்துக்கொள்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. நாம் ஆய்வகத்தில் செய்து ஊசியாகப் போடுவது எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. இரண்டும் செல்லுக்குள் ஏறத்தாழ ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. செய்தித்தாள்களில் இரண்டும் கலந்தே வருவதால் குழப்பமும் அதிகம்.

யார் கண்டுபிடித்தார்கள்? இதயத்தைப் பார்த்தா கண்டுபிடித்தார்கள்?

இல்லை, புழுவைப் பார்த்து. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. அதில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால், புழு குட்டிப் பருவத்தில் செய்த வளர்ச்சி வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்யும். அடுத்த பருவத்துக்குப் போகத் தெரியாது. அந்த மரபணு எந்தப் புரதத்தைச் செய்கிறது என்று அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் தேடினார்கள். கடைசியில் கையில் கிடைத்தது 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துண்டு. புரதமே இல்லை. அதே சமயத்தில் கேரி ருவ்குன் லின்-14 என்ற இன்னொரு மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் தங்கள் எழுத்து வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, லின்-4 துண்டு லின்-14-இன் தூது ஆர்.என்.ஏ. வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்படி அமைந்திருந்தது. 1993-ல் இரு கட்டுரைகளும் வெளிவந்தன. ஆம்ப்ரோஸ் ஆய்வகத்தின் கட்டுரையில் முதல் இரு பெயர்கள் ரோசலின்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம். ஆய்வக மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் என்பதால் அந்தப் பெயர்களைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

இது புழுவுக்கு மட்டும் உள்ள விநோதம் என்றே ஏழு வருடம் விட்டுவிட்டார்கள். 2000-ல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டது. அது புழுவில் மட்டுமல்ல, மீனிலும் ஈயிலும் மனிதரிலும் இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். இன்று மனிதருக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் தெரியும்.

செல்லுக்குள் அது என்ன செய்கிறது?

முதலில் ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வாக உருவாகி, கொண்டை ஊசி போல மடங்கிக்கொள்ளும். உட்கருவுக்குள் டிரோஷா என்ற புரதம் அதை ஒரு முறை வெட்டும். வெளியே வந்ததும் டைசர் என்ற புரதம் இன்னொரு முறை வெட்டும். மிஞ்சும் சின்னத் துண்டு ஆர்கோனாட் என்ற புரதத்தின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த ஜோடி செல்லெங்கும் சுற்றித் தன் எழுத்துக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடும். கண்டால் புரதம் தயாராவதைத் தடுக்கும், அல்லது அந்தத் தூதையே சிதைக்க ஏற்பாடு செய்யும்.

இதில் முக்கியமானது, துண்டின் முன்பகுதியில் உள்ள ஆறேழு எழுத்து பொருந்தினாலே போதும் என்பது. அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களை லேசாக அடக்க முடியும். ஒரே மரபணுவைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்து அடக்கவும் முடியும். இது விளக்கு சுவிட்ச் போல அணைப்பதில்லை. அடுப்பில் தீயைக் கொஞ்சம் குறைத்து வைப்பது போல. இதய நோயில் இதன் நல்லதும் கெட்டதும் எல்லாமே இந்தக் குணத்திலிருந்துதான் வருகின்றன.

இதயத்துக்கென்றே தனி மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டா?

உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சுருக்கி "மிர்" என்று எண்ணோடு சேர்த்துச் சொல்வோம். மிர்-1, மிர்-133 இரண்டும் இதயத்திலும் கைகால் தசையிலும் நிரம்பிக் கிடக்கின்றன. மிர்-208ஏ ஏறக்குறைய இதயத்தில் மட்டுமே இருக்கிறது. அது இருக்கும் இடமும் அழகானது. இதயத்தைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதத்தின் மரபணுவுக்குள்ளேயே, புரதத்துக்குப் பயன்படாத இடைவெளி ஒன்றில் அது எழுதப்பட்டிருக்கிறது. மயோசின் மரபணு நகலாகும்போது கூடவே இதுவும் வெளியே வந்துவிடும்.

மிர்-1-ஐப் பற்றி அமெரிக்காவில் தீபக் ஸ்ரீவத்ஸவா குழு செய்த வேலை 2007-ல் வந்தது. மிர்-1 செய்யும் இரண்டு மரபணுக்களில் ஒன்றை மட்டும் எலியிலிருந்து நீக்கினார்கள். ஏறத்தாழ பாதி எலிகள் செத்துப்போயின. பலவற்றின் இதயத்தில் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தது. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் அதே வகை ஓட்டை. பிழைத்த எலிகளில் மின்துடிப்பு ஒழுங்காகப் பரவவில்லை. இன்னொரு நகல் பத்திரமாக இருந்தும் இவ்வளவு பாதிப்பு.

சரி, குறைந்தால் ஆபத்து என்றால் கூடினால் நல்லதா? அதுவும் இல்லை. அதே 2007-ல் சீனாவின் ஹார்பின் நகரக் குழு, ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களின் இதயத் திசுவில் மிர்-1 அதிகமாக இருப்பதைக் காட்டியது. மாரடைப்பு உண்டாக்கிய எலிகளில் மிர்-1-ஐக் கூட்டியபோது துடிப்புக் கோளாறு மோசமானது, அடக்கியபோது குறைந்தது. பக்கத்துப் பக்கத்துத் தசைச் செல்கள் மின்சாரத்தைக் கைமாற்றிக்கொள்ள கனெக்சின்-43 என்ற புரதக் கதவு உண்டு. மிர்-1 கூடினால் அந்தக் கதவுகள் குறைந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு லட்சம் முறை துடிக்கும் உறுப்பில் இந்த அளவு தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்த அழுத்தத்தால் இதயம் வீங்குகிறது என்கிறார்களே, அதிலும் இதன் பங்கு உண்டா?

நிறைய. பல வருடம் அழுத்தம் அதிகமாக இருந்தால் இதயத் தசை தடிக்கும். அந்தத் தடிப்பை மிர்-133 கட்டுக்குள் வைத்திருக்கிறது. தடித்த இதயங்களில் அது குறைந்திருக்கிறது. மிர்-208ஏ இதற்கு நேர்மாறு. டெக்சஸில் எரிக் ஓல்சன் ஆய்வகத்தில் ஏவா வான் ரூய் அதை எலியிலிருந்து நீக்கிப் பார்த்தார். அழுத்தம் கொடுத்தாலும் அந்த எலிகளின் இதயம் வழக்கம்போல் தடிக்கவில்லை, தழும்பும் அவ்வளவாக ஏறவில்லை.

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் என்ன நடக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளிகளின் அடுத்த இருபது வருடம் இதில்தான் தீர்மானமாகிறது.

ஆய்வகத்தில் இதயத் திசுவை மெல்லிய சீவலாக்கி மேசன் சாயம் ஏற்றிப் பார்ப்போம். தசை சிவப்பாகத் தெரியும், கொலாஜன் என்ற நார் நீலமாகத் தெரியும். நல்ல இதயச் சீவல் ஏறத்தாழ முழுக்கச் சிவப்பு. ரத்தக்குழாய்களைச் சுற்றி மட்டும் மெல்லிய நீலக் கோடு. மாரடைப்பு வந்து சில வாரங்களான எலி இதயத்தில் சுவரின் ஒரு பக்கம் முழுவதும் நீலம். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அடைப்பு ஏற்படாத, தூரத்தில் இருக்கும் நல்ல தசைக்கு நடுவிலும் நீல இழைகள் நூல் நூலாக ஓடியிருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் பெரியப்பாவின் இதயமும் உள்ளே இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. மாடிப்படி ஏற அவர் ஏன் மூச்சு வாங்கினார் என்று அந்த நீலத்தைப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

செத்த இடத்தில் தழும்பு வேண்டும். இல்லாவிட்டால் சுவர் கிழிந்துவிடும். தழும்பு எல்லை தாண்டிப் பரவுவதுதான் சிக்கல். மிர்-29 குடும்பம் கொலாஜன் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். மாரடைப்பு வந்த இடத்தைச் சுற்றி மிர்-29 குறைகிறது, அடக்கி வைத்த கை எடுபட்டுவிடுவதால் நார் பெருகுகிறது. மிர்-21 எதிர்த்திசையில் போகிறது. நோயுற்ற இதயத்தின் நார் செல்களில் அது கூடுகிறது, அந்தச் செல்களைச் சாகவிடாமல் காப்பாற்றி நார் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஜெர்மனியில் தாமஸ் தும் குழு 2008-ல், மிர்-21-ஐ அதனோடு ஒட்டிக்கொண்டு முடக்கும் எதிர்மருந்தால் அடக்கினால் எலி இதயத்தில் தழும்பு குறைவதாகக் காட்டியது.

இரண்டு வருடம் கழித்து ஓல்சன் குழு மிர்-21 மரபணுவையே நீக்கிய எலிகளை வைத்துச் சோதித்தது. அந்த எலிகளுக்கும் இதயம் தடித்தது, தழும்பும் வந்தது. ஒரு குழு மிர்-21 முக்கியம் என்கிறது, இன்னொன்று அது இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறவில்லை என்கிறது. பிறந்ததிலிருந்தே ஒன்று இல்லாத எலி வேறு வழியில் சமாளித்துக்கொள்ளலாம். எதிர்மருந்தின் வேதியியல் வேறு வேறாக இருந்ததும் காரணமாக இருக்கலாம். பிறகு 2020-ல் பன்றிகளில் செய்த ஆய்வில் மிர்-21-ஐ அடக்கியது தழும்பைக் குறைத்தது. பன்றி இதயம் நம் இதயத்துக்கு மிக நெருக்கமானது என்பதால் எனக்கு அந்த முடிவில் நம்பிக்கை அதிகம். ஆனாலும் விவாதம் நடந்த விதத்தையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

செத்த தசையை மறுபடி வளர்க்க முடியுமா?

இதயத் தசைச் செல்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் மிகக் குறைவு: 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம், 75 வயதில் அதில் பாதியும் இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ இதயச் செல்களில் அளந்து, ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் இதைக் கணக்கிட்டார்கள். மாரடைப்பில் கோடிக்கணக்கான செல்கள் சாகும்போது இந்த வேகம் எதற்கும் காணாது.

இத்தாலியில் திரியெஸ்தே நகரத்தில் மௌரோ ஜாக்கா குழு நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, தசைச் செல்லை மறுபடி பிரிய வைப்பவற்றை 2012-ல் கண்டுபிடித்தது. அதில் மிர்-199ஏ ஒன்று. எலிகளில் பலன் பிரமாதமாக இருந்தது. அடுத்து பன்றிகள். மாரடைப்பு உண்டாக்கி, தீங்கில்லாத வைரஸ் ஒன்றின் வழியே மிர்-199ஏ-வை இதயத்துக்குள் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, இதயம் நன்றாகப் பம்ப் செய்தது. அதற்கப்புறம் பெரும்பாலான பன்றிகள் திடீரென்று செத்து விழுந்தன. துடிப்பு தாறுமாறாகி நின்றுபோயிருந்தது. திறந்து பார்த்தால், இதயத் தசைக்கு நடுவே முதிர்ச்சியடையாத செல்கள் பெருகிக்கொண்டிருந்தன. வைரஸ் ஓயாமல் மிர்-199ஏ-வைத் தயாரித்துக்கொண்டே இருந்ததும், நிறுத்த வழி இல்லாததும்தான் பிரச்சினை.

2019-ல் வந்த அந்தக் கட்டுரையில் நல்ல முடிவையும் மரணங்களையும் ஒன்றாகவே எழுதியிருந்தார்கள். அதற்காக அந்தக் குழு மீது எனக்கு மிகுந்த மரியாதை. முதல் மாதத்தோடு நிறுத்தி ஒரு கட்டுரை போட்டிருக்க முடியும். இப்போது எல்லோரும் தேடுவது சில நாள் வேலை செய்துவிட்டு மறைந்துபோகும் வடிவத்தை.

எலியில் பலிப்பது மனிதரிடம் ஏன் பலிப்பதில்லை?

எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது. அதன் மயோசின் வகையும் நம் கீழறைகளில் பிரதானமாக உள்ள வகையும் வேறு. சில மைக்ரோ ஆர்.என்.ஏ. எலியிடம் கிடையவே கிடையாது. கொலஸ்ட்ராலோடு தொடர்புள்ள மிர்-33பி அப்படி ஒன்று. அதனால் "எலிகளில் வெற்றி" என்று தலைப்பு பார்த்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் உங்கள் அப்பாவுக்கு இன்னும் சொல்ல வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பார்த்து மாரடைப்பை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இன்றைக்கு முடியாது. யாராவது அப்படி ஒரு பரிசோதனைக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. ஆர்.என்.ஏ. சாதாரணமாக ரத்தத்தில் நொடியில் அழிந்துபோகும். ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. புரதத்தோடு சேர்ந்தோ கொழுப்புப் பைக்குள் புகுந்தோ பிழைத்துக்கொள்ளும் என்று 2008 வாக்கில் தெரிந்தது. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் மிர்-208ஏ, மிர்-499 போன்றவை ஏறுவதும் தெரிந்தது. ஆனால் அந்த வேலையை, காயப்பட்ட இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதத்தை அளக்கும் ட்ரோபோனின் பரிசோதனை ஏற்கெனவே நன்றாக, வேகமாக, மலிவாகச் செய்கிறது. அதைவிடச் சிறப்பாக எதையும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இதுவரை காட்டவில்லை.

அளப்பதிலும் கஷ்டம். ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைக் கீழே இறக்கினால் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ஊசியை அவசரமாக இழுத்தாலோ குழாயைப் பலமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா லேசாக ரோஸ் நிறமாகும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 கொட்டிக் கிடப்பதால் அவை எல்லாம் வெளியே வந்து கணக்கைக் குலைத்துவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை நோயாளிகள் தரப்புக் குழாய்கள் மட்டும் ரோஸ் நிறமாக இருந்ததைத் தாமதமாகக் கவனித்தோம். அதற்குள் இரண்டு மாத வேலை முடிந்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம்.

இன்னொரு பொறி ஹெபாரின். மாரடைப்போடு வருபவருக்கு ஆஞ்சியோவுக்கு முன் ரத்தம் உறையாமல் இருக்க அதைக் கொடுப்பார்கள். ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் வேதிவினையை அதே ஹெபாரின் தடுத்துவிடும். ஹெபாரின் பூசிய பச்சை மூடிக் குழாயைத் தவிர்த்து, அது இல்லாத ஊதா மூடிக் குழாயில் எடுத்தாலும், நோயாளியின் ரத்தத்திலேயே மருந்து இருக்கும்போது என்ன செய்வது? ஆரோக்கியமானவருக்கு ஹெபாரின் கொடுத்திருக்க மாட்டார்கள். இருவரையும் ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசம் நோயினுடையதா மருந்தினுடையதா என்று பிரிக்க முடியாது. இதைக் கவனிக்காத பழைய கட்டுரைகள் எத்தனையோ.

அப்படியென்றால் இந்த அறிவியலால் நோயாளிக்குக் கிடைத்தது என்ன?

கிடைத்திருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. 1998-ல் ஆண்ட்ரூ ஃபையர், கிரெய்க் மெல்லோ இருவரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் ஒரு மரபணுவைக் குறிவைத்து அடக்க முடியும் என்று காட்டினார்கள். 2006-ல் நோபல் பெற்றார்கள். அந்த வழியில் வந்தவை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்துகள். மைக்ரோ ஆர்.என்.ஏ. போல நூறு மரபணுக்களை லேசாகத் தொடாமல், ஒரே தூது ஆர்.என்.ஏ.வைச் சரியாகப் பிடித்து வெட்டும்.

இதயத்துக்காக வந்தவற்றில் அதிகம் பேசப்படுவது இன்க்ளிசிரான். கல்லீரல் செல்லின் மேல் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அந்தக் கொக்கிகளை அழிக்கிறது. அமெரிக்காவில் பிறவியிலேயே இந்தப் புரதம் குறைவாக உள்ள கறுப்பின மக்களைக் கவனித்தபோது, அவர்களின் கெட்ட கொலஸ்ட்ரால் 28 சதவீதம் குறைவாகவும் ரத்தக்குழாய் இதய நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருந்தது. 2006-ல் வந்த அந்தக் கணக்குதான் எல்லோரையும் இந்தப் புரதத்தின் பின்னால் ஓட வைத்தது. இன்க்ளிசிரான் அதன் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் பாதியாகிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஐரோப்பா 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2021 டிசம்பரிலும் அனுமதித்தன. இந்தியாவிலும் வந்துவிட்டது, விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

ஒரு ஊசி எப்படி ஆறு மாதம் வேலை செய்கிறது?

வேதியியலால் துண்டைச் சீக்கிரம் அழியாதபடி செய்திருக்கிறார்கள். செல்லுக்குள் சின்னப் பைகளில் தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ஆர்கோனாட்டில் உட்கார்ந்த ஒரு துண்டு ஒரு தூதை வெட்டியதும் அடுத்ததைத் தேடிப் போகும். ஒன்றை வைத்தே பலவற்றை வெட்டலாம்.

இதய நோய்க்கு மருந்து, ஆனால் போவது கல்லீரலுக்கா?

ஆமாம். ஊசியில் உள்ள ஆர்.என்.ஏ.வோடு ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் கை கல்லீரல் செல்களில் ஏராளம். விலாசம் எழுதிய பார்சல் மாதிரி நேரே அங்கே போய்ச் சேருகிறது. கொலஸ்ட்ரால் கல்லீரலில் கட்டுப்படுவதால் இதயம் பிழைக்கிறது. இதயத் தசைக்கு இப்படி ஒரு நல்ல விலாசம் இன்னும் கைவரவில்லை. மிர்-21, மிர்-29 பற்றி இவ்வளவு தெரிந்தும் மருந்துக் கடையில் அவை இல்லாததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து.

இன்க்ளிசிரான் போட்டால் ஸ்டாட்டினை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கும் என்பதற்குப் பல வருட ஆதாரம் உண்டு, மலிவும் கூட. இன்க்ளிசிரான் பெரும்பாலும் அதோடு சேர்த்துக் கொடுப்பது.

இது நம் டி.என்.ஏ.வை மாற்றிவிடுமா? கொரோனா தடுப்பூசியும் இதுவும் ஒன்றா?

மாற்றாது. நகலைத்தான் வெட்டுகிறது, மூலப் பத்திரத்தை இது தொடுவதே இல்லை. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் நீளமான தூது. இது ஒரு புரதத்தைச் செய்ய வேண்டாம் என்று சொல்லும் சின்னத் துண்டு.

தெற்காசியர்களுக்கு இதில் தனியாக ஏதாவது உண்டா?

லிப்போபுரோட்டீன்-ஏ. இது கெட்ட கொலஸ்ட்ரால் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிய வடிவம். எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. உணவும் உடற்பயிற்சியும் அதை அதிகம் அசைப்பதில்லை. உலகில் ஐந்தில் ஒருவருக்கு அது அதிகம். ஏழு இனக்குழுக்களை ஒப்பிட்டு 2019-ல் வந்த ஆய்வில், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இது இருந்தால் மாரடைப்பு அபாயம் தெற்காசியர்களிடம்தான் மிகத் தெளிவாகக் கூடியிருந்தது.

நாற்பது வயதில், புகைக்காத, மெலிந்த உடம்புள்ள ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் "எப்படி வந்தது?" என்று வீடே திகைத்து நிற்கும். சில சமயம் பதில் இந்த ஒரு பரிசோதனையில் இருக்கும். இதைக் குறைக்க எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. ஓல்பாசிரான் என்பது 12 வாரத்துக்கு ஒரு ஊசியில் இதை 95 சதவீதத்துக்கும் மேல் குறைத்ததாக 2022-ல் முடிவு வந்தது. அளவு குறைவது சரி, மாரடைப்பு குறைகிறதா என்று காட்டவே பெரிய ஆய்வுகள். நம் மக்கள் மீது இவ்வளவு பொருந்தும் ஆராய்ச்சி வேறு இல்லை என்பதால் அதன் செய்திகளை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதயத்துக்கு நேரடிப் பலன் தந்த ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றுகூட இல்லையா?

ஒன்று உண்டு, அதுவும் கல்லீரல் வழியாக. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் கல்லீரலில் தயாராகிறது. வயதானால் சிலருக்கு அது உருக்குலைந்து இதயச் சுவரில் படிந்து அதை விறைப்பாக்கிவிடும். எக்கோவில் சுவர் தடித்துத் தெரியும், ஆனால் ஈ.சி.ஜி. அலைகள் அதற்கேற்ற உயரம் இல்லாமல் சின்னதாக இருக்கும். பல வருடம் முன்பே இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போன கதையும் இருக்கலாம். வுட்ரிசிரான் அந்தப் புரதத்தின் தூதை வெட்டுகிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஹீலியோஸ்-பி ஆய்வில் மரணமும் இதயப் பாதிப்புகளும் சேர்ந்து 28 சதவீதம் குறைந்தன. 2025 மார்ச்சில் அமெரிக்கா இந்த இதய நோய்க்கு அதை அனுமதித்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பக்கம் இதய நோயாளிகளிடம் சோதிக்கும் வரை வந்தது மிர்-132. இதயச் செயலிழப்பில் கூடும் மிர்-132-ஐ அடக்கும் மருந்தை தாமஸ் தும் தொடங்கிய ஹனோவர் நிறுவனம் உருவாக்கியது. 28 நோயாளிகள் பங்கேற்ற முதல் சோதனையில், மருந்து பெற்றவர்கள் அதைப் பிரச்சினை இல்லாமல் தாங்கினார்கள். 2024-ல் நோவோ நார்டிஸ்க் அந்த நிறுவனத்தை வாங்கியது. மருந்தாக இன்னும் வரவில்லை. அவசரப்படுத்தவும் கூடாது. புற்றுநோய்க்கு மிர்-34 போலச் செய்த ஒரு மருந்தின் சோதனை, நோயாளிகளுக்கு ஏற்பட்ட கடுமையான எதிர்ப்புச் சக்தி விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது, சிலர் இறந்தார்கள். நூறு மரபணுக்களைத் தொடும் ஒன்றை உடம்பு முழுக்க அனுப்புவதில் உள்ள ஆபத்து அதுதான்.

அரிசியில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. கொலஸ்ட்ராலைக் கூட்டுமாமே?

வாட்ஸப்பில் இன்னும் சுற்றுகிறது. தொடக்கம் நிஜமான ஆய்வுதான். நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு, சோற்றிலிருந்து வந்த ஒரு தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ. மனித ரத்தத்தில் இருப்பதாகவும், எலிக் கல்லீரலில் கெட்ட கொலஸ்ட்ராலை நீக்கும் வேலையைத் தடுப்பதாகவும் எழுதியது. மற்ற குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் வரவில்லை. வெறும் அரிசியாகத் தின்ற எலிகளுக்குச் சத்துச் சமநிலை கெட்டதே கொலஸ்ட்ரால் மாறக் காரணம் என்று 2013-ல் காட்டினார்கள். சோற்றின் அளவைச் சர்க்கரைக்காகக் குறையுங்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்காக வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எதைக் கேட்பது?

கெட்ட கொலஸ்ட்ரால் எண் என்ன, என் நிலைக்கு அது எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டாட்டின் முழு அளவில் எடுத்தும் இறங்கவில்லையென்றால் அடுத்தது என்ன என்று கேளுங்கள். எஸெட்டிமைப் மாத்திரை ஊசியைவிட எவ்வளவோ மலிவு, முதலில் அது போதுமா என்று பார்க்கலாம். வீட்டில் ஐம்பது வயதுக்கு முன் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் அதை நீங்களே சொல்லுங்கள், லிப்போபுரோட்டீன்-ஏ ஒரு தடவை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் போதும். அந்தச் சீட்டை ஃபைலில் பத்திரமாக வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும்.